பழைய டிவியைக் கொடுத்துவிட்ட விவரம்

அன்புள்ள கவினுக்கு,

ரவுண்ட் ராக்கிலிருந்து அப்பா எழுதுவது. நீயும் மாளவிகாவும் குழந்தை வெண்பாவும் பிளசன்டனில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்பில் புதிதாகக் குறை ஒன்றுமில்லை. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். நீ பல தடவை சொன்னபடி ஹாலில் கிடந்த பழைய பெட்டி டிவியைப் போன வியாழக்கிழமை கொடுத்துவிட்டேன். செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஓடாத டிவியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நீ கோபித்தபோது காரணத்தைச் சொல்லத் தயங்கினேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகம் மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, தங்கை கலாவதி வந்திருக்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். உன் சித்தி இறந்து பல வருஷமாயிற்று என்று ஓரிரு முறை சொன்னேன், ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேள்விப்பட்டவள் போல அழுதாள், பிறகு விட்டுவிட்டேன். என்னோடு பேச்சு குறைந்த பிறகும் அவளோடு குறையவில்லை. ஏண்டி இப்படி இளைத்துப்போனாய், உன் வீட்டுக்காரர் இன்னும் சட்னிக்கு உப்புப் போதவில்லை என்கிறாரா என்று கேட்டுச் சிரிப்பாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கொடுப்பதற்குச் சில நாள் முன்பு, சாப்பிட வாடி என்று இரண்டு கையாலும் டிவியைப் பிடித்து இழுத்திருக்கிறாள், ஸ்டாண்டு சாய்ந்துவிட்டது. நான் ஓடிப்போய்த் தோள் கொடுத்திருக்காவிட்டால் அவ்வளவு கனமும் அவள் நெஞ்சில் விழுந்திருக்கும். சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, அன்று பயம்தான் இருந்தது.

கண்ணாடிக்குள் ஈயம் இருப்பதால் குப்பையில் போடக் கூடாது, உடைக்கவும் கூடாது. மறுசுழற்சி மையத்துக்குப் போன் பண்ணி, பெட்டி டிவியை வாங்கிக்கொள்வார்களா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாஸ் உதவிக்கு வந்தார். கனமெல்லாம் திரைப்பக்கம் என்பதால் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார், அங்கிள், இதைத் தினம் தூக்கினால் ஜிம்முக்கே போக வேண்டாம் என்றார். அவர் காரில் போர்வை விரித்துத் திரை கீழாகக் கவிழ்த்து வைத்தோம், அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தேன்.

எழுந்தவள் கலா எங்கே என்றாள். ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போக மாட்டாளே, நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டாள். இப்போது ஹாலில் இருக்கும் புது டிவியில் முகம் அப்படித் தெரிவதில்லை. உன் அறையிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்தேன், யாரோ கிழவி நிற்கிறாள் என்று முகத்தை மூடிக்கொண்டாள். பழைய டிவியின் மங்கலில் சுருக்கம் தெரியாமல் இருந்திருக்கிறது. வெட்கத்தை விட்டு மையத்தில் டிவியைத் திரும்பத் தரச் சொல்லிக் கேட்டேன், லாரி ஏற்றிப் போய்விட்டது என்றார்கள். அதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. நேற்று மட்டும் என்னைப் பார்த்து, வந்து ரொம்ப நாளாயிற்றே, உங்கள் வீட்டில் தேட மாட்டார்களா என்று மரியாதையாகக் கேட்டாள். நாளைக்குக் கிளம்புகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

உன் கராஜில் இருக்கும் பழைய மானிட்டர்களையும் உடைக்காமல் முழுசாகக் கொடுத்துவிடு. லீவு கிடைத்தால் வந்து போ, வற்புறுத்தவில்லை. வந்தால் நீ யார் என்று சொல்லித் திருத்தாதே, அவள் யாராக நினைக்கிறாளோ அவராகவே உட்கார்ந்து பேசு. உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். அம்மாவின் ஆசீர்வாதத்தையும் அவளைக் கேட்காமல் நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நஞ்சுண்டன்