கொழுந்துக் கொட்டகைக்கே வரச் சொல்கிறார்கள், அக்கா

எல்லோருக்கும் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டுப் போன என் அன்பு அக்காவுக்கு,

நீ கிராம சுகாதார செவிலியராக அலைந்த அதே தேயிலை எஸ்டேட்டுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். சந்தோஷப்படாதே. உன்மேல் எனக்குக் கொள்ளைக் கோபம்.

துணை சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. இந்தக் குளிரில் எதற்கோ ஒரு மின்விசிறிகூட மாட்டியிருக்கிறார்கள். வியாழக்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை என்று போர்டு எழுதி உட்கார்ந்தால் ஈ, காக்கைகூட வரவில்லை. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் போய்க் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான்.

“பெரிய நர்சம்மா கொழுந்து எடை போடுற கொட்டகைக்கே வந்துருவாங்களே!”

பள்ளி லீவுக்கு இங்கே வந்து உன் பின்னால் நடந்தது நினைவிருக்கிறது. அட்டை கடித்து நான் அழுவேன். நீ தடுப்பூசிப் பெட்டியோடு முன்னால் போய்க்கொண்டே இருப்பாய். “அரைநாள் கூலிய உட்டுட்டு நம்மகிட்ட வருவாங்களா கண்ணு? நாமதான் போவோணும்” என்பாய். உனக்கென்ன, சொல்லிவிட்டாய்!

போன வாரம் பொறுக்க முடியாமல் நானே கொட்டகைக்குப் போனேன். எட்டு மாதக் கர்ப்பிணி ராணி, கால் வீங்கிப்போய் எடைக்கு வரிசையில் நிற்கிறாள். பிரஷர் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. உடனே ஜீப்பில் ஏறு என்றேன்.

“கொழுந்த நிறுத்துட்டு வாரேன் நர்சம்மா. ஆள் நிக்காட்டி எடை போட மாட்டாங்க.”

கத்தினேன், கெஞ்சினேன். அசைந்தால்தானே? கடைசியில் அவளை ஜீப்பில் தள்ளிவிட்டு, மூட்டையோடு நான் வரிசையில் நின்றேன். எடை போடுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க எப்பருந்து கொழுந்து பறிக்க ஆரம்பிச்சீங்க?”

மறுநாள் கூடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரஷர் இறங்கிவிட்டது. பிள்ளையும் நன்றாக அசைகிறது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராணியோ என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, “கொழுந்து நனஞ்சிருந்துச்சே, தண்ணிக்குன்னு எடையில எவ்வளவு கழிச்சாங்க?” என்று கேட்கிறாள்.

நான் கவனிக்கவில்லை என்றேன்.

“பெரிய நர்சம்மான்னா கேட்டிருப்பாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இவர்களை என்ன செய்வது அக்கா? உன்னைத்தான் என்ன செய்வது? ஆத்திரமாக வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது. நீ உயிரோடு இருந்திருக்கலாம்.

சரி, இனி வியாழக்கிழமைதோறும் கொட்டகைக்கே போகிறேன். தராசுக்குப் பக்கத்திலேயே நின்றுதான் பிரஷர் பார்ப்பேன். அதிகமாகக் கழித்தால் சண்டையும் போடுவேன். இது சத்தியம்.

இன்னும் கோபம் தீராத
உன் தங்கை