சர்வர் கதவில் உன் சிவப்பு அட்டை

இன்று காலை எலெக்ட்ரிகல் ஆட்கள் இருவர் நம் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்கள். சர்வர் இருக்கும் பழைய இரும்பு அலமாரி துருப்பிடித்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அது வராந்தாவில் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நிற்கிறது. வந்தவர்களில் ஒருவர் பழைய கதவின் கொக்கியில் தொங்கிய சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடம், இத்த எட்த்துடலாமா?" என்றார்.

"மொதல்ல கைய எடுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நீ பக்கத்தில் இருந்திருந்தால், "வசந்தி, அவரு அட்டையத்தான்டி தொட்டாரு, ஒன் கழுத்துச் செயின இல்ல" என்று சொல்லி அவரையும் சிரிக்க வைத்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இன்றுவரை வரவில்லை.

அட்டையில் உன் போட்டோ வெளுத்துவிட்டது. நீலத் துப்பட்டா மட்டும் நிறம் மாறாமல் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று எனக்குப் புரியவில்லை. அதனால் இங்கேயே ஃபிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றார். எலெக்ட்ரிகல் ஆட்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இருவரும் இந்தப் பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்த புதிதில் பாதுகாப்பு வகுப்பு என்று உட்கார வைத்தார்களே, நினைவிருக்கிறதா? நமக்கு எதற்கு இதெல்லாம், நாம் ஏசி அறையில் கீபோர்டு தட்டப்போகிறவர்கள் என்று நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். பெயிண்ட் கலக்கும் பெரிய தொட்டிக்குள் பிளேடைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர், தன் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையைத் தொட்டி வாயில் தொங்கவிட வேண்டும். போட்டவர்தான் அதை எடுக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. அவர் மறந்துபோய் வீட்டுக்குப் போயிருந்தால், சூப்பர்வைசர் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, அவருக்குப் போன் செய்து, அவர் குரலைக் காதால் கேட்ட பிறகுதான் எடுக்கலாம். எனக்கு இதெல்லாம் ரொம்ப அதிகமாகப் பட்டது. நீயோ வகுப்பு முடிந்ததும் எழுந்து, உனக்கும் ஓர் அட்டை வேண்டும் என்றாய்.

"நீங்க எங்கம்மா எறங்கப் போறீங்க? கம்ப்யூட்டருக்குள்ளயா?" என்று சேஃப்டி ஆபீசர் சிரித்தார்.

"ஆமா சார். டெய்லி எறங்கிகினுதான கீறோம்" என்றாய் நீ. அவர் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் ஏதாவது மாற்றும்போதெல்லாம் அதைக் கதவில் மாட்டுவாய். அட்டை தொங்கினால் யாரும் சர்வரை ஆஃப் செய்யக்கூடாது. வேலை முடிந்தால் எடுத்து மேஜை டிராயரில் வைத்துக்கொள்வாய். டிபார்ட்மென்டே கேலி செய்தது. நானும்தான் செய்தேன்.

நம் தலையில் வந்து விழுந்த வெப் பக்கங்களைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யாரோ ஒரு வெளி ஆள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. கண்ட்ரோல் ரூமின் பெரிய திரையில் பார்த்தால் ஒரே பக்கம்தான் தெரியும். ஆனால் சர்வரில் அது பக்கத்துக்குள் பக்கம், அதற்குள்ளும் ஒரு பக்கம். வெளிப்பக்கம் தொழிற்சாலை முழுவதையும் காட்டும். அது ஒவ்வொரு பிரிவின் பக்கத்தையும் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும். பிரிவின் பக்கம், எந்தத் தொட்டிக்குள் யார் இருக்கிறார் என்று சொல்லும் குட்டிப் பக்கத்தைக் கூப்பிடும். இறங்குகிறவர் சிவப்பு அட்டையை மாட்டுவதோடு, வாயிலில் இருக்கும் கருவியில் தன் ஐடி கார்டையும் காட்டிவிட்டுப் போவார். அந்தத் தகவல்தான் மூன்று பக்கங்களையும் தாண்டி மேலே வரவேண்டும்.

வந்த முதல் மாதமே அது நம்மைக் கிறுகிறுக்க வைத்தது. உள்ளே எங்கோ ஒரு பிழை வந்தது. உடனே பிழையைச் சொல்லும் பக்கம் எழும்பி வந்தது. ஆனால் அதற்குள் வெளிப்பக்கம் பாதி திரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால், இது போய் அட்டவணையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கட்டத்துக்குள் மறுபடியும் கம்பெனி முத்திரை, மறுபடியும் மெனு. மறுநாள் இன்னும் மோசம். முத்திரையைக் கொண்டுவரும் பக்கத்திலேயே பிழை. பிழைப் பக்கமும் அதே முத்திரையைக் கேட்க, மறுபடியும் பிழை, மறுபடியும் பிழைப் பக்கம் என்று சர்வர் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு, "பேஜாருடி இது, ராஜினாமா பண்ணிட்டுப் போலாம்" என்றேன். நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். அப்புறம் பிழைப் பக்கத்திலிருந்து முத்திரை, மெனு, கலர் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் நாலு வரி எழுதினாய்.

"தப்பு நடந்துச்சுன்னு சொல்ல வர்றவன் யாரையும் நம்பிகினு வரக்கூடாது. நடந்தாவது வந்து சேரணும்" என்றாய்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற பிழைகள். உன் முகத்தில் சிரிப்பு போன நாள் ஒன்று உண்டு. அந்தக் குட்டிப் பக்கத்தின் புரோகிராமைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தாய். பிழை வந்தால் அதை ஓசைப்படாமல் விழுங்கிவிட்டு வெற்றுப் பட்டியலை மேலே அனுப்பும்படி எழுதியிருந்தார் அந்த மகானுபாவர். நடுவில் இருக்கும் பக்கம் பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணும். ஒருவரும் இல்லை. வெளிப்பக்கம் அழகாகப் பச்சையில் 'உள்ளே ஆள் இல்லை' என்று போடும். கீழே ஒருவர் பிளேடுக்கு நடுவில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருப்பார். மேலே ஆபரேட்டர் பச்சையைப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துவார்.

நீ என்னைக் கூப்பிட்டு அந்த வரிகளை விரலால் காட்டினாய். என் வீட்டுக்காரர் மெயின்டனன்ஸில் இருக்கிறார், தொட்டிக்குள் இறங்குகிறவர் என்பது உனக்குத் தெரியும்.

அப்போதே மாற்றலாம் என்றால் மேனேஜர் விடவில்லை. பிழை வந்தால் அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் பட்டையில் 'உள்ளே ஆள் உண்டா என்று தெரியவில்லை. கீழே போய் அட்டையைப் பாருங்கள்' என்று வரவேண்டும், மற்ற பிரிவுகள் எப்போதும்போல் தெரியட்டும், காரணம் நம் லாக் ஃபைலில் பதிவாகட்டும் என்று நீ சொன்னாய். "கஸ்டமர்ஸ் வந்து பாக்கிற ஸ்கிரீன்மா. அதுல தெரியாதுன்னு போட்டா நம்ம மானம் என்னாகிறது?" என்றார் அவர். நான் எகிறினேன். மேனேஜர் என்றும் பாராமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காரியம்தான் கெட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ கத்தவில்லை. அவரைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்த் திரை முன்னால் நிறுத்தினாய். கலவைப் பிரிவிலிருந்து வரும் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இப்ப உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாய்.

அவர் திரையைப் பார்த்து, "இல்லன்னு போட்டிருக்கே" என்றார்.

"ஒயரு எங்கையில கீது சார். அதுக்கு எப்டித் தெரியும்?"

மேனேஜர் ஒயரைப் பார்த்தார், பச்சையைப் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மஞ்சள் பட்டையைப் போட்டாய்.

ரயிலில் திரும்பும்போது, "இவ்ளோ சின்ன விஷயம், அத எழுதுன ஆளுக்கு ஏன்டி தோணல?" என்று உன்னிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வறுத்த இறாலை மென்றபடி, "ஒங்க ஊட்டுக்காரரு போன் எடுக்கலன்னா இன்னா நெனப்ப? நல்லா கீறாருன்னா நெனப்ப? எடுக்கலன்னு மட்டுந்தான தெரியும். அவ்ளோதான்" என்றாய். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். நான் மீஞ்சூர் வரை அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

மஞ்சள் பட்டை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் கரண்ட் போய் வந்தது. எல்லாம் எழுந்துகொண்டன, கலவைப் பிரிவின் ஒரு கருவி மட்டும் எழவில்லை. திரையில் மஞ்சள் வந்தது. ஆபரேட்டர் சேகர் உன்னையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே படி இறங்கிப் போனாராம். தொட்டி வாயில் சிவப்பு அட்டை தொங்கியது. அதில் என் வீட்டுக்காரர் போட்டோ. சேகர் தொட்டியைத் தட்ட, உள்ளேயிருந்து "இன்னா?" என்று குரல் வந்தது.

அந்த ஒரு "இன்னா?"வைச் சேகர் கேன்டீனில் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரோ முழங்கை வரை பெயிண்டோடு வந்து, எதுவுமே நடக்காத மாதிரி எனக்கு எதிரில் உட்கார்ந்து சாம்பார் கேட்டார். நான் எழுந்துபோய் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எனக்கு எதுக்குடி தேங்க்ஸு? படி எறங்குனது சேகரு" என்று என் முதுகைத் தட்டினாய். உன் கண்ணும் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு பழைய பக்கமாகத் திறந்து, விழுங்கப்பட்ட பிழைகளைத் தேடித் தேடி வெளியே இழுத்தாய். உள்பக்கம் தன்னால் முடியாததை மறைக்காமல் மேலே சொல்ல வேண்டும், மேலே இருப்பது அதைக் கேட்டு நேர்மையாகக் காட்ட வேண்டும். அதற்குள் உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது. சென்னையில் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்த மறுநாள் ரயிலில் கேட்டேன், டாக்டர் என்ன சொன்னார் என்று.

"தெரியலன்றாரு. இன்னும் பாக்கணுமாம்" என்றாய். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நல்ல டாக்டருடி. நம்ம ஆளு" என்று கண்ணடித்தாய். எல்லோரும் உன்னிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தபோது, நீ அந்த ஒரு மனுஷரைத்தான் நம்பினாய்.

கடைசியாக வேலைக்கு வந்த அன்று அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு ஒரு பக்கத்தைப் பாதி திருத்தியிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "வந்து முடிச்சுக்கிறேன், அட்ட இருக்கட்டும்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாய். மிச்சத்தை நான்தான் முடித்தேன். பழவேற்காட்டில் உங்கள் வீட்டில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து உன் முகத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அலமாரிக் கதவில் அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் மீட்டிங்கில் ஏதாவது கேட்டால் தெரியலன்னு சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பூசி மெழுகுகிறவர்களைப் பார்த்தால் மட்டும் பழைய கோபம் வருகிறது. இந்த இரண்டும் நீ கொடுத்தவைதான். தினமும் ராத்திரி என் எதிரில் ஒருவர் உட்கார்ந்து சாம்பாரில் உப்புக் குறைகிறது என்று குறை சொல்கிறாரே, அதுவும் நீ கொடுத்தது. இதை உனக்குச் சரியாகச் சொல்லாமலே விட்டுவிட்டேன் என்று நினைப்பேன். உனக்குத் தெரிந்துதான் இருக்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் ஸ்க்ரூடிரைவரும் டிரில்லுமாக வந்துவிட்டார். டீ குடித்துவிட்டு வந்த எலெக்ட்ரிகல்காரர் புது அலமாரியின் உறையைப் பிரித்துவிட்டு வந்து, "புது கதவுலயே கொக்கி கீது சார், கழட்டி அதுல மாட்டிடலாமே" என்றார். "கழட்டக் கூடாது. போட்டவங்கதான் எடுக்கணும்" என்றார் இவர். குனிந்து, கொக்கியின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார். அட்டையைக் கொக்கியிலிருந்து பிரிக்காமல், இரண்டையும் சேர்த்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்ப் புதுக் கதவில் துளை போட்டுப் பொருத்தினார். அட்டை கொஞ்சம் ஆடி நின்றது.

அப்புறம் அந்தக் கதவை விரலால் மெல்லத் தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கொஞ்சநேரம் நின்றார். நானும் நின்றேன்.

உன் குரல் கேட்கவில்லை. அட்டை அங்கேயேதான் இருக்கும்.