பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு விற்பவள்

பேஸ்மென்ட் அலுமாரியை ஒதுக்கும்போது நாம் படித்த வீட்டு விற்பனை முகவர் பரீட்சைப் புத்தகம் அகப்பட்டது. கூட்டு உரிமை பற்றிய பக்கத்தின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: ‘உது அநியாயம்.’ படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். நீ இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளில் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தோம். நம் சனம் கனடாவில், ஸ்கார்பரோ பக்கம் வீடு வாங்கத் தொடங்கியிருந்த காலம். “எங்கட ஆக்களுக்கு எங்கட பாசையில வீடு காட்ட ஆள் வேணுமடி” என்று என்னையும் இழுத்துக்கொண்டுபோய் வகுப்பில் சேர்த்தவள் நீதான். இருவர் படமும் ஒரே விற்பனைப் பலகையில் இருக்கவேண்டும் என்பது உன் ஆசை.

முதல் பரீட்சையில் நான் தேறினேன். நீ ஒரு கேள்வியால் கோட்டை விட்டாய். ஒரு வீட்டில் இருவருக்குத் தனித்தனிப் பங்கு இருந்தால், ஒருவர் மற்றவரைக் கேட்காமல் தன் பங்கை வெளியாளுக்கு விற்கலாமா? விற்கலாம் என்பது ஒன்ராரியோச் சட்டம். நீயோ யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, முதலில் பங்குக்காரரைத்தான் கேட்கவேண்டும் என்று அடையாளமிட்டாய். வெளியே வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னாய்.

“இது கனடாவடி, உன்ர அப்பான்ர காணியில்லை” என்று ஏசினேன்.

“எந்த நாடெண்டாலும் உரித்துள்ளவைக்கும் பக்கத்தில இருக்கிறவைக்கும் ஒரு சொல் சொல்லாமல் விக்கிறதே?” என்றாய்.

சரியான பிடிவாதக்காரி. இன்னொரு தரம் தவறினால் தொழிற்சாலையே போதும் என்று உன் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார். நான் தனியே பலகை நடவேண்டி வருமோ என்று எனக்குப் பயம் பிடித்தது. மதிய இடைவேளையில் சோற்றுப்பெட்டியைத் திறக்கவிடாமல் அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு உன்னை வதைத்தேன்.

இரண்டாம் முறை எழுதிவிட்டு வந்தபோது உன் முகம் தொங்கிப்போயிருந்தது. “இந்த முறையும் போச்சோடி?” என்று கேட்டேன்.

“எல்லாம் சரியாத்தான் செய்தனான். ஆனா ஒரு பொய்க்கு அடையாளம் போட்டிட்டு வாறன்.”

பஸ் தரிப்பிடத்தில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

தேறிய பின்னும் நீ திருந்தவில்லை. வீடு ரூஜ் பக்கம் இருந்தாலும் பிக்கரிங் பக்கம் இருந்தாலும், பலகை நடுமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தோடு இரு பக்கத்துக் கதவையும் தட்டுவாய். இந்த வீட்டை விற்கப் போகிறார்கள், முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன் என்று உன் உடைந்த ஆங்கிலத்தில் அறிவிப்பாய். நேரம் போகிறதென்று நான் காரிலிருந்து ஹோர்ன் அடிப்பேன்.

நீ போனபின் உன் வீட்டை விற்கும் பொறுப்பை உன் கணவர் என்னிடமே தந்தார். அன்று முதல்முறையாக நானே போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினேன். அங்கே இருக்கும் சீனத்து அம்மா வீடு வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். அவருடைய ஆங்கிலம் உன்னுடையதைவிட மோசம். இருந்தும் ஒரு மணிநேரம் உன்னைப் பற்றியே பேசினோம்.

இப்போது எந்த வீடென்றாலும் நான் தட்டாமல் பலகை நடுவதில்லை. தட்டும்போதெல்லாம் உன்மேல் கோபமும் வருகிறது. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு விற்றவள், அந்தக் கடைசிக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எனக்கு ஒரு சொல் சொல்லாமல் போய்விட்டாயேடி.