இரண்டு மில்லிமீட்டர் சிலந்திக்காக ஒரு சண்டை

இன்று காலை அந்தக் கண்ணாடிக் குப்பியின் மூடியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. தலை தானாகப் பக்கத்து ஸ்டூல் பக்கம் திரும்பியது. நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு "மூடுடி, தல வலிக்குது" என்று சொல்லாமல் இந்தக் குப்பி ஒரு நாளும் திறந்ததில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்டூலின் மேல் யாரோ ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

குப்பி வந்த நாள் நினைவிருக்கிறதா? லடாக்கில் பனி உருகி ஓடும் ஓடைக் கரைகளில் கல்லைப் புரட்டித் தேடிய ஒரு குழு, இனம் கண்டு சொல்லுங்கள் என்று திருப்பதிக்கு, நம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. சித்திரை வெயில். மின்விசிறிக் காற்றே அனலாக இறங்கியது. உள்ளே ஏழு சிலந்திகள், ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் தேறும். நீ குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "பாவம்டி, ஐஸ்ல பொறந்தது, செத்தப்புறம் நம்மூர் வெயிலப் பாக்க வந்துகீது" என்றாய்.

ஏழில் ஐந்து பெண், இரண்டு ஆண். உனக்குத் தெரியாததில்லை, எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும் என்பதால் எழுதுகிறேன். ஆண் சிலந்தியின் முகத்துக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருக்கும். கை நுனியில் ஒரு குமிழ். அந்தக் குமிழின் மடிப்பும் கொக்கியும் இனத்துக்கு இனம் மாறும், பூட்டுக்குப் பூட்டு சாவி மாறுவது போல. நிறத்தையும் காலையும் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு, குமிழை நம்பினால் ஏமாற மாட்டோம் என்று நான் பெருமையடித்துக் கொண்டிருந்த காலம் அது.

முதல் ஆணின் குமிழ் புத்தகத்தில் இருந்த படத்தோடு அப்படியே பொருந்தியது. சைபீரியாவிலும் நார்வேயிலும் கிடைக்கிற, எல்லோருக்கும் தெரிந்த இனம். இரண்டாவது ஆண்தான் வேறு மாதிரி இருந்தது. குமிழ் பெரிதாக, பக்கவாட்டில் ஒரு வளைந்த கொக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றே வரைந்து, கொக்கிக்கு அம்புக்குறி போட்டு, "புதிய இனம்" என்று எழுதிவிட்டேன்.

நீ மைக்ரோஸ்கோப்பில் ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாய். பிறகு, "பொம்பளைங்க அஞ்சும் அச்சு அசல் ஒரே மாதிரி கீது. ஆம்பளைங்க மட்டும் ரெண்டு ஜாதியா?" என்று கேட்டாய்.

"அதோட பொம்பளை இன்னும் கிடைக்கல, அவ்ளோதான்" என்றேன்.

"இல்லடி. இது வீங்கிக்கினு கீது. சாவும்போது சில சமயம் ரத்தம் ஏறி குமிழ் உப்பிப்பூடும். மொத ஆணோட ஒரு கைய எடுத்து பொட்டாஷ் தண்ணில ஊறப் போடு. அதுவும் இதே மாதிரி உப்புதா பாரு."

இருப்பதே இரண்டு ஆண், அதில் ஒன்றைக் கெடுக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். சண்டை ரயில் வரைக்கும் வந்தது. மாலை பாசஞ்சரில் நீ புத்தூரில் இறங்க வேண்டும், நான் நகரி வரை போக வேண்டும். ரேணிகுண்டா தாண்டியும் நீ விடவில்லை. உன் நைனாவின் டீக்கடை புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடும் இடத்துக்கு எதிரிலேயே இருந்தது. எலும்பு முறிந்து வந்தவர்களுக்கு டீ கொடுத்து வளர்ந்தவள் நீ. "வீங்கின கையப் பாத்து இது வேற ஆளு கைன்னு எவனாச்சும் சொல்வானாடி?" என்று கேட்டாய். பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் காலை ரயிலில் உனக்கு இடம் பிடித்து வைக்காமல் பழிவாங்கினேன்.

அப்புறம் பேசினோம், சிலந்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும். உனக்குக் காமாலை என்றார்கள், பிறகு கல்லீரலே போய்விட்டது என்றார்கள். மூன்று வாரம்கூட நீ தாங்கவில்லை. கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மஞ்சள் பூத்த கண்ணோடு, "ஊறப் போட்டியா?" என்று கேட்டாய். "நீ வா, சேந்து பாக்கலாம்" என்றேன்.

நீ போனபின் ஒரு முடிவு செய்தேன். அந்தப் புதிய இனத்துக்கு உன் பெயரை வைப்பது. கட்டுரை முழுக்க எழுதியாகிவிட்டது. சிலந்திக்கு உன் பெயர், லத்தீன் விகுதியோடு, பார்க்கவே அழகாக இருந்தது. உன் பெயரை இந்த உலகத்தில் நிறுத்தி வைக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். இன்று குப்பியைத் திறந்தது கடைசியாக ஒரு அளவு எடுக்க. எடுத்துவிட்டு மூடியிருக்கலாம். ஆனால் அந்த ஏழையும் தட்டில் ஊற்றியதும் உன் கேள்வி திரும்ப வந்துவிட்டது, இவ்வளவு நாள் கழித்து எனக்கும் தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது.

முதல் ஆணின் இடது கையை ஊசியால் பிரித்து, சூடான பொட்டாஷ் கரைசலில் சில நிமிடம் வைத்து, தண்ணீருக்கு மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நடக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். பிறகு குமிழ் சோம்பலாகப் புரண்டது. மடிந்து கிடந்த வெள்ளைச் சவ்வு உப்பி வந்தது, அதன் கீழே ஒளிந்திருந்த வளைந்த கொக்கி வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. நான் அம்புக்குறி போட்ட அதே கொக்கி! இத்தனை பெரிய கொக்கியை இத்தனை சின்ன இடத்தில் எப்படித்தான் மடித்து வைத்திருந்ததோ. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அட்டெண்டர் எட்டிப் பார்த்து, "கொத்ததா மேடம்?" என்று கேட்டார். புதுசா என்று கேட்கிறார்.

"இல்லைங்க, பழசுதான்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கட்டுரையின் தலைப்பிலிருந்து உன் பெயரை அழித்தேன். இரண்டு ஆணையும் ஐந்து பெண்ணோடு திரும்ப அதே குப்பியில் போட்டேன். உள்ளே போடும் துண்டுச் சீட்டை மாற்றி எழுத வேண்டியிருந்தது. இனத்தின் பெயர், கிடைத்த இடம், பிடித்தவர். கடைசி வரி, இனங்கண்டவர் யார் என்பது. பழைய சீட்டில் அங்கே என் பெயர் இருந்தது. புதிய சீட்டில் உன் பெயரை எழுதினேன், உன் பெயரை மட்டும்.

நார்வேக் குளிரில் கிடக்கும் ஒன்று லடாக் வரை எப்படி வந்தது என்று இப்போது மண்டையைக் குடைகிறது. நீயிருந்தால் ரேணிகுண்டா வருவதற்குள் நாலு வழி சொல்லியிருப்பாய், நான் நாலையும் மறுத்திருப்பேன். ஊறப் போட்டேன்டி. நீ சொன்னதுதான் சரி. அதை உன் முகத்துக்கு நேரே ஒத்துக்கொள்ளக் கிடைத்த நாளில், சேர்ந்து பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேனே, அது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.