பீலித் தண்ணீர் கேட்காத கேள்வி

அன்பு மகள் கேஷிகாவுக்கு அக்கரப்பத்தனையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம், மழைக்குத்தான் என்ன கோபமோ, நின்றபாடில்லை. நியூசிலாந்தில் நீயும் உன் படிப்பும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் பேசலாமென்றால் உன் அம்மா என் கையில் தருவதேயில்லை, தந்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்டு முடிப்பதற்குள் வாங்கிவிடுகிறாள், அதனால்தான் காகிதம். பள்ளிக்கூடத்தில் உன் இடத்தில் இப்போது படிப்பிக்கிற நிரஞ்சன் மாஸ்டர் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பித் தருவாராம். கொஞ்ச நாளாகப் பனிமூட்டம் நம் கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கொப்பி, பென்சில் வாங்க வருகிற பிள்ளைகள் முதலில் குரலாக வருகிறார்கள், பிறகு குடையாக, கடைசியில்தான் முகம். நான் கண்ணை மூடியிருக்கிறேனா திறந்திருக்கிறேனா என்றே சில வேளை தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும்போது உன் வகுப்புப் பிள்ளைகளிடம் விட்டுப் போனாயே அந்த ஆங்கில வலைப்பூ, அதை மூடச் சொல்லித்தான் போன கிழமை எழுத உட்கார்ந்தேன், இப்போது கடிதம் வேறு பக்கம் போகிறது. பிழை விட்டால் சிரிப்பார்கள் என்று இங்கிலீசில் வாயே திறக்காத பிள்ளைகளிடம், கண்ட கனவை எழுதுங்கள், கனவில் யாரும் பிழை பிடிக்க முடியாது என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். எழுதியதைத் திருத்தாமல் அங்கிருந்தே கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறாய், இதென்ன டீச்சர் வேலை என்று அம்மாவிடம் சொன்னேன். ஆனால் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பழுதானதிலிருந்து அவர்கள் நம் கடைக் கம்ப்யூட்டரில்தான் எழுதி ஏற்றுகிறார்கள், எட்டிப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது பிடித்துவிட்டது. ஒருவன் ரயிலில் போய்க்கொண்டே இருக்கிறான், ஸ்டேஷன் வரவே மாட்டேன் என்கிறது. ஒருத்தியின் கனவில் பறித்த தேயிலைக் கொழுந்தெல்லாம் குருவியாகிப் பறக்க, நிறுக்கிறவர் தராசோடு துரத்துகிறார். நீ கேட்கிற அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதவே மறுநாளும் ஓடி வந்து அகராதியைப் புரட்டுகிறார்கள்.

வம்பு வினோதாவால் வந்தது. டயகம பக்கம் மேல்கணக்குத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து கொழுந்தெடுக்கிற ராசம்மாவின் மகள், உன் வகுப்பில் பேசவே பேசாத பிள்ளை. அவள் கனவில் லயத்துக்குப் பின்னால் இருக்கிற தேயிலை மலை எழுந்து, வேலை முடிந்து கூடையோடு வருகிற ஆள் மாதிரி மெதுவாக இறங்கி, கதவைத் திறந்து அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டதாம். யாரோ போனில் பார்த்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். கெட்ட கனவு கண்டால் விடிந்ததும், மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாய் வழியே விழுகிற தண்ணீரிடம் சொல்லி அனுப்பிவிட வேண்டும், மனிதரிடம் சொல்லக் கூடாது என்பது இங்கத்தைய வழக்கம், உனக்குத் தெரியாததா. இவ தண்ணிகிட்ட சொல்லாம ஒலகத்துக்கே சொல்லிப்புட்டா, இனி மல சும்மா இருக்குமா என்று ஒரே கூச்சல். ராசம்மா மகளை அடித்து, ஆங்கிலப் பாடத்துக்கே போகாதே என்று நிறுத்திவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் வலைப்பூவை மூடு என்று எழுந்து நின்றார்கள். அதை மூடுகிற வழி உன் கையில்தான் இருக்கிறதாம், மகளுக்கு நீங்களே எழுதுங்க ஐயா என்று மாஸ்டர் வாடிய முகத்தோடு கடைக்கு வந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உன்மேல் கோபம்தான் பாப்பா, கனவைப் போய் பாடமாக்கினாளே என்று.

எழுதுமுன் அந்தக் கனவை ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டேன். கீழே உன் கேள்வி இருந்தது, மலை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று. அதற்குக் கீழே, அடி வாங்குமுன் வினோதா எழுதிய பதில். மண் வாய் திறந்திருக்கிற இடத்திலிருந்து வந்தது, விறகு பொறுக்கப் போனபோது அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது என்று எழுதியிருந்தாள். மாஸ்டர் நிறுத்திவிட்டுத் திரும்பவும் வாசித்தார். அது கனவில்லை பாப்பா. குடையைக்கூட எடுக்காமல் ஆட்டோ பிடித்துப் போனோம். மானாப் புல்லை விலக்கிப் பார்த்தால் லயத்துக்கு மேலே நிலம் நீளமாக வெடித்துக் கிடக்கிறது. கிராம சேவகர் வந்தார், மண்சரிவு பார்க்கிற ஆபீஸ்காரர்கள் வந்தார்கள், பொழுது சாய்வதற்குள் லயத்து ஜனம் அத்தனையும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டது. மலை இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தாலும் இப்போது அங்கே ஆளில்லை. அதற்கடியில் எத்தனை குழந்தைகள் தூங்கினார்கள் என்று இப்போதும் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். அப்படியும் மண்டபத்தில் சிலர், இந்தப் புள்ள சொன்னதாலதான் வெடிச்சிச்சு என்று முணுமுணுக்கிறார்கள், வினோதா ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாளாம்.

நேற்று மழையோடு மழையாக ராசம்மா அவளைக் கையைப் பிடித்துக் கடைக்கு இழுத்து வந்தாள். இங்கேயும் அடிக்கப் போகிறாளோ என்று எனக்குப் பயம். அவள் கம்ப்யூட்டரைக் காட்டி, நானும் ஒரு கனவு கண்டேங்க, மக எழுதட்டும் என்றாள். நீதானே எழுதக் கூடாதென்றாய் என்று சீண்டினேன். காலையிலேயே பீலிகிட்ட சொல்லிட்டேங்க, தண்ணி கேட்டுக்கிட்டுப் போயிருது, திருப்பி ஒன்னும் கேக்க மாட்டேங்குது, ஒங்க மக கேக்கும்ல என்றாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். என்ன கனவென்று தெரியாது, நான் எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு சொல்லுக்கு இங்கிலீசு கிடைக்காமல் அம்மாவும் மகளும் சிரிக்கிற சத்தம் மட்டும் பனிக்குள் கேட்டது.

ஆகவே மூடாதே. யார் என்ன சொன்னாலும் நான் பேசிக்கொள்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே, சோறு ஆக்கு, இது அம்மா எழுதச் சொன்னது. மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு. இன்றைக்கே ராசம்மாவிடம் ஏதாவது ஒன்று கேள், மறந்துவிடாதே, டீச்சர் கேட்டுச்சா என்று காலையிலேயே ஆள் விட்டுவிட்டாள். எனக்கும் ஒரு கனவு வந்துகொண்டிருக்கிறது, அதில் நானுஓயா ஸ்டேஷன் இருக்கிறது, பனி இருக்கிறது, ரயிலிலிருந்து நீ கொண்டுபோன பெட்டி இறங்குகிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் மீதியை நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
சோமசுந்தரம்