இடதுகைக் கத்தரிக்கோல்

மார்ச் 3, திங்கள்

வீட்டுக் கணக்கு எழுதி முடித்து, மதியம் இல்லத்துக்குப் போனேன். புருஷன் அடி பொறுக்காமல் வந்த பெண்கள் தங்கும் இடம். முகவரியை இவரிடம்கூடச் சொல்லக் கூடாது. "தொண்டுக்குப் போறேன்" என்பதோடு சரி.

புதிதாக வந்திருக்கும் தையல்காரிக்கு வலது கையில் மாவுக்கட்டு. "மடையன்க்கா, நான் இடதுகைக்காரின்னுகூடத் தெரியாம உடைச்சிட்டான்" என்று சிரிக்கிறாள். அவளுடைய இடதுகைக் கத்தரிக்கோல் அந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டதாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். எங்கள் கத்தரிக்கோல் அவள் கையில் துணியை மென்று துப்புகிறது.

மார்ச் 8, சனி

பிரார்த்தனைக் கூட்டம். எங்களுக்கு மைக் கட்டுகிறவர் எழுந்தார். எவ்வளவு பணிவான மனுஷன்! மனைவி கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். அவள் வீடு திரும்ப எல்லோரும் வேண்டிக்கொள்ள வேண்டுமாம். போட்டோவைத் தூக்கிக் காட்டினார்.

தையல்காரி.

எல்லோரும் "அப்படியே ஆகட்டும்" என்றார்கள். எனக்கு வாய் வரவில்லை. எப்படி வரும்? நான் சொல்லி, அது கடவுள் காதுல விழுந்து தொலைச்சா?

பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். "என்னக்கா, வாய்க்குப் பூட்டா?"

அவன் திரும்பி என்னையே பார்த்தான்.

மார்ச் 10, திங்கள்

இல்லத்துக்குக் கிளம்பினேன். பின்னாலேயே அவன் பைக். கூட்டத்தில் நான் வாய் திறக்காததே காட்டிக்கொடுத்துவிட்டது. பாவி, நான்தான் வழி காட்டினேனா?

இல்லத்துத் தெருவுக்குத் திரும்பவில்லை. நேரே காவல் நிலையத்துக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். "என்னம்மா வேணும்?" என்றார் ஏட்டு.

"ஒருத்தன் பின்னாலயே வர்றான் சார். புகார் எழுதணும். அதுவரைக்கும் சாமி பேரைச் சொல்லிட்டு இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்ததுமே பைக் பறந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பைக் சமாசாரத்தைக் கேட்டு இல்லத்துப் பொறுப்பாளர் போன் செய்தார். "கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்கம்மா." நியாயம்தான். ஆனாலும் அழுதேன்.

இவரிடம் விஷயத்தைச் சொன்னேன், இடத்தைச் சொல்லவில்லை. "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார்.

ஊர் வம்பா? "தினம் முட்டி போட்டு வழி காட்டு, வழி காட்டுங்கறேன். காட்டினா போக வேண்டாமா?"

பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மார்ச் 15, சனி

இன்று நான் எழுந்தேன். மைக்கை அவன்தான் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

"அடிபட்ட எந்தப் பொண்ணும் அடிச்சவன்கிட்ட திரும்பிப் போகக் கூடாதுன்னு வேண்டிக்கணும்."

சட்டென்று மைக்கை அணைத்துவிட்டான். எனக்கு மைக் எதற்கு? மூன்றாவது மாடியிலிருந்து பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்ட தொண்டை இது. இன்னொரு தரம் சொன்னேன்.

கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

இவர்!

மார்ச் 16, ஞாயிறு

காலையில் வாசலில் மைக் கட்டுகிறவனின் அம்மா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. துண்டில் சுற்றிய ஒன்றை என் கையில் திணித்தார். பிரித்தேன். கத்தரிக்கோல்.

"அவளோடது. அவ எங்க இருக்கான்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதம்மா. அடிச்சுக் கேப்பான், நான் தாங்க மாட்டேன்."

அவர் போனதும் பொறுப்பாளருக்குப் போன் செய்தேன். கத்தரிக்கோலை வாங்கிப் போக யாரையாவது அனுப்பச் சொன்னேன்.

இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறதா என்றும் கேட்டேன்.