குமரேசனை யாரும் கேட்கவில்லை

நவ. 2, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. கொடியில் கிடந்த வேட்டியில் வழக்கம்போல் மைன்ஸ் கரித்தூள். ரேஷனில் பாமாயில் வாங்கவில்லை. மறந்துவிட்டதாம் வசந்தாவுக்கு. அவள் மறந்தாள், நான் மறக்கவில்லை. மகள் என்பதால் விட்டேன்.

கிரவுண்டு முழுக்கச் சேறு. பொங்கல் வரை கால்பந்து கிடையாது. பந்து இல்லாமல் இந்த ஆண்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியில் பணக்காரர்கள் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்ததைப் பார்த்துவிட்டு, நம் பிளாக்கிலும் விளையாட்டுக்கு அப்படி ஒன்று நடத்தலாம் என்று கிளம்பிவிட்டார்கள்.

நாலு முதலாளிகள். என் மாப்பிள்ளை செல்வம். ரிட்டயர் ஆன தாமஸ் சார். பால்கார ஏழுமலை. எதிர் குவார்ட்டர்ஸ் ச. (முழுப் பெயர் சரோஜா. முழுதாக எழுத எனக்கு மனம் வராது.) இந்தப் பக்கத்து டீம்களில் ஆடுகிற பதினாறு பேரை 'கான்ட்ராக்ட் முடிந்தவர்கள்' என்று வைத்துக்கொண்டு, முதலாளிக்கு நாலு பேர் வீதம் ஏலத்தில் எடுக்க வேண்டும். எல்லாம் பேப்பரில்தான். நிஜத்தில் யாரும் எங்கேயும் போகப்போவதில்லை.

நடத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். தாமஸ் சார் சொன்ன காரணம்:

"அம்மாவுக்கு எல்லார் மேலயும் கோவம். அதனால யாருக்கும் சாதகமா இருக்க மாட்டாங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த பிளாக்கில் ஏலச்சீட்டு நடத்தியவள் நான். ஏலம் என்றால் எனக்கு அந்த முறைதான் தெரியும். அதையே சட்டமாகச் சொன்னேன்.

காசு கிடையாது. புளியங்கொட்டை. முதலாளிக்கு நூறு.
ஆளை எடுத்தவர் தருகிற கொட்டை மற்ற மூன்று பேருக்கும் பிரியும். சீட்டு எடுத்தவர் விட்டுக்கொடுக்கிற தள்ளுத்தொகை மற்றவர்களுக்குப் பிரிகிற மாதிரி.
கடைசிச் சீட்டுக்கு ஏலமும் இல்லை, தள்ளும் இல்லை. மிச்சம் இருக்கிறவருக்கு மிச்சம் இருக்கிற ஆள்.
நடத்துகிறவள் ஏலம் கேட்கக் கூடாது.

கடைசிச் சட்டத்தை யாரும் கேட்காமல் நானே போட்டேன். நியாயஸ்தி பட்டம் வாங்கலாம் என்று. புத்தி கெட்டவள்.

பதினாறு பேரில் ஒருவன் என் மகன் குமரேசன். ஹாஃப் பேக், நடுக் கிரவுண்டில் ஆடுகிறவன். வயது முப்பத்தேழு. இடது முட்டி சரியில்லை. மைன்ஸில் அவன் பார்த்த வேலையும் போன மாதத்தோடு முடிந்தது. கான்ட்ராக்டர் மாறினார், புதியவர் தன் ஆட்களோடு வந்துவிட்டார். லிஸ்டுக்குத் தலைப்பு வைத்த அறிவாளிகள் இதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். அவனும் யோசித்திருப்பான். 

நவ. 4, செவ்வாய்

தூறல். ஈர விறகு மாதிரி மனசு புகைகிறது. காரணம் ச.

காலையில் ஜன்னல் வழியே என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். ஏலத்தில் முதலாளி ஆகிவிட்டால் பழசு எல்லாம் அழிந்துவிடுமா.

ஏழு வருஷத்துக்கு முன் ஃபைனல். குமரேசன் பெனால்டி அடித்தான். பந்து கோல்கம்பத்துக்கு மேலே போய், ரோட்டைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள் விழுந்தது. கிரவுண்டே வாயடைத்து நின்றது. இவள் ஒருத்தி சிரித்தாள். மஞ்சள் சேலை, பச்சைக் கரை. கையில் பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சு. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கரண்டி சர்க்கரை போய் வந்ததில்லை.

சீட்டில் மட்டும் தொடர்ந்து இருந்தாள். பணம் வசந்தா கையில் வரும். எல்லாரும் முதல் மாதமே அடித்துக்கொண்டு கேட்பார்கள். இவள் மட்டும் எப்போதும் கடைசிச் சீட்டு. அவசரமே இல்லாத மகாராணி. அந்தத் திமிரும் எனக்கு ஆகாது.

பாமாயில் வாங்கியாயிற்று.

நவ. 9, ஞாயிறு

மூன்று மணிக்கு தாமஸ் சார் வராந்தாவில் ஏலம். வெளியே மழை. அவர் வீட்டில் கேக். முட்டை வாசம். தொடவில்லை.

குமரேசன் பெயரை முதலில் எடுத்தேன். நல்ல ஆளை முதலில் போட்டால்தான் சூடு பிடிக்கும் என்று.

"ஹாஃப் பேக். பத்து கொட்டையிலேர்ந்து கேளுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை போனை நோண்டினார். ஏழுமலை கூரையைப் பார்த்தான்.

"இன்னா ஆயா, எடுத்த ஒடனே பெரிய ஆளா எறக்குற. கோல்கீப்பரைப் போடு. அப்படியே பேசிகினு போவலாம்."

கோல்கீப்பரைப் போட்டேன். முப்பதுக்குப் போனான். இன்னும் இரண்டு பேர் போனார்கள். மறுபடி குமரேசன்.

"முட்டி இப்ப எப்படிம்மா இருக்கு?" தாமஸ் சார்.

"உங்க முட்டி எப்படி இருக்கு சார்?"

காப்பியைக் குடித்தார். ஏலம் கேட்கவில்லை.

அப்புறம் கம்மாபுரத்துப் பையன் ஒருவன். பத்தொன்பது வயது. தலைமயிரைச் சிவப்பாக்கி வைத்திருப்பான். அவனுக்கு என் மாப்பிள்ளை நாற்பது கொட்டை. ஏற்றிவிட்டவள் ச.தான். முப்பது, முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு என்று கேட்டுக்கொண்டே போய், அவர் நாற்பது என்றதும் உட்கார்ந்துவிட்டாள். தன் பங்குக் கொட்டையை எண்ணிச் சுருக்குப் பையில் போட்டாள். சாயங்காலம் வரைக்கும் இதே வேலை. ஏற்றிவிடுவது, விலகுவது, பங்கு வாங்குவது. ஒரு ஆளைக்கூட எடுக்கவில்லை. பை மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

மூன்றாவது தடவையும் குமரேசனைச் சொன்னேன். மழைச் சத்தம்தான் கேட்டது. இருட்டிவிட்டதால் மிச்சப் பெயர்கள் அடுத்த ஞாயிறு என்று நிறுத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் கேட் பக்கம் குடையோடு அவன். எனக்குக் குடை கொண்டு வந்திருக்கிறான். எப்போது வந்தான் என்று கேட்கவில்லை.

நவ. 10, திங்கள்

குமரேசன் பந்து ஷூவை எடுத்துப் பழைய இரும்புச் சாக்கில் போட்டுவிட்டான். வியாழக்கிழமை பழைய சாமான்காரர் வருவார்.

"எதுக்குடா?"

"போதும்மா. விளையாட்டுக்குக்கூட ஒருத்தரும் கேக்கல. ஆடினது போதும்."

"அதுங்களுக்கு என்ன தெரியும்?"

"அதுங்களுக்குத்தான் தெரியும். கூட ஆடினவங்க."

  

மாப்பிள்ளை செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வீட்டு ஆளையே எடுத்தா பாரபட்சம்னு பேசுவாங்க அத்தை."

"உங்களுக்கு மைன்ஸ்ல வேலை கிடைச்சப்ப வீட்டு ஆள்னு யாரும் சொல்லி வைக்கலியா?"

வசந்தா அடுப்படியிலிருந்து பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். எனக்கான சத்தம். இருக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கு மீன் வால் எடுத்து வைத்தேன். நடுத்துண்டு எல்லாம் குமரேசனுக்கு. அவன் சாப்பிடவில்லை. பூனைக்குப் போனது.

நவ. 12, புதன்

வடலூர் போய் வந்தேன். குமரேசன் முட்டிக்குத் தடவ எண்ணெய். பஸ்ஸில் நின்றுகொண்டே. ஒரு பிள்ளைகூட எழுந்து இடம் தரவில்லை. மூஞ்சி எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

டீக்கடைச் சுவரில் ஏழுமலை பேப்பர் ஒட்டியிருக்கிறான். யார் யாரை எடுத்தார்கள் என்று. கீழே கோடு போட்டு, 'எடுக்காதது' என்று மிச்சப் பெயர்கள். முதல் பெயர் குமரேசன். எடுக்காதது. எடுக்காதவர் என்றுகூட எழுதவில்லை. தேங்காயா அவன்.

எங்கள் நிலம் மைன்ஸுக்குப் போன அன்றைக்குக்கூட எனக்கு இப்படிக் கொதிக்கவில்லை. அதைக் கேட்டாவது நாலு பேர் வந்தார்கள்.

பேப்பரைக் கிழிக்கலாம் என்று கை போனது. நியாயஸ்தி. கிழிக்கவில்லை.

சாக்கிலிருந்து ஷூவை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்குச் சாமான்காரர் வந்து போகட்டும்.

நவ. 16, ஞாயிறு

 எழுத்து கோணலாகத்தான் வரும்.

இரண்டாவது ஏலம். மற்ற மூன்று பேரும் போன வாரமே கொட்டையை வாரி இறைத்துவிட்டார்கள். இன்று ச. இராஜ்ஜியம். அஞ்சுக்கும் எட்டுக்கும் மூன்று ஆட்களை எடுத்தாள், மூன்று பேரும் ஓடுகிற கால். நான் இன்றைக்கும் இரண்டு தடவை குமரேசனைச் சொன்னேன். ஒரு சத்தம் இல்லை.

மாப்பிள்ளைக்கு நாலு பேர் ஆயிற்று. தாமஸ் சாருக்கு நாலு. ஏழுமலைக்கு நாலு. ச.வுக்கு மூன்று. மிச்சம் ஒரே பெயர். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

ஏழுமலை சிரித்தான். "யக்கா, ஒனக்கு ஒரு ஆளு ஓசில. வூட்டுக்கு இட்டுகினு போ."

எத்தனை பேர் இருந்தும், கடைசியில் அவளுக்கா. சிரித்தவளுக்கா. அதுவும் கழித்துப் போட்டதைப் பொறுக்குகிற மாதிரி. என் சட்டமே என் பிள்ளையைக் கொண்டுபோய் அவள் வாசலில் தள்ளுகிறது.

"ஏலம் கலைஞ்சுது" என்றேன்.

"அம்மா, சட்டப்படி..." தாமஸ் சார்.

"சட்டம் போட்டவ நான். கலைஞ்சுது."

கீழே கிடந்த கொட்டையை எல்லாம் முறத்தில் வாரி, மழையிலேயே நடந்து வந்து, வாணலியில் போட்டு வறுத்துவிட்டேன். அத்தனையும். இனி எதை வைத்துக் கேட்பார்கள்.

வீடு முழுக்க வறுத்த வாசம்.  

நவ. 17, திங்கள்

பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ச. ஏழு வருஷத்தில் முதல் தடவை. சுருக்குப் பை இடுப்பில். அவள் கொட்டையை நான் வாரவில்லை, அது அவளிடமே இருக்கிறது.

"பெரியம்மா, என் ஆள் எங்க?"

"எந்த ஆள்?"

"குமரேசன். கடைசிச் சீட்டு என்னுது. நீங்களே சட்டத்தைப் போட்டு நீங்களே கலைச்சா என்ன நியாயம்?"

"எல்லாரும் வேணாம்னு ஒதுக்கினதை நீ ஒண்ணும் தூக்கிச் சுமக்க வேணாம். போ."

"ஒதுக்கினது அவங்க. நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே."

யோசித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவன் பெயர் வந்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

"வேணும்னா வாயைத் தொறந்து கேட்டிருக்கலாமே."

"நான் பத்துன்னு சொல்லியிருந்தா உங்க மாப்பிள்ளை பங்குக்கு ஆசைப்பட்டு அம்பதுக்கு ஏத்தியிருப்பார். நான் ஏத்திவிட்டேனே, அது மாதிரி. உங்க சீட்டுல நான் ஏன் கடைசி வரைக்கும் குந்தியிருந்தேன்? கடைசிச் சீட்டுல தள்ளு இல்ல, முழுசா வரும். என் மூத்தவ கல்யாணமே அந்தப் பணத்துலதான். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

"முட்டி போனவனை வெச்சு என்ன பண்ணப் போற?"

"மத்தவன் எல்லாம் பந்து வந்தா தன் காலைப் பார்ப்பான். இவன் ஒருத்தன்தான் தலையைத் தூக்கி, யார்கிட்ட குடுக்கலாம்னு பார்ப்பான். ஓடுறதுக்கு மூணு பேரை எடுத்துட்டேன். குடுக்கிறதுக்கு ஆள் வேணாமா?"

இதை நானல்லவா நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை வருஷம் சுவரோரம் நின்று பார்த்தவள். ஹாஃப் பேக் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவனுக்காகப் பேசாமல் அவர்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அது இன்னும் எரிகிறது.

"அன்னிக்குச் சிரிச்சியே" என்றேன்.

"சிரிச்சேன். பந்து டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குள்ள போய் விழுந்தா யாருக்குத்தான் சிரிப்பு வராது? இப்ப நினைச்சாலும் வருது."

வந்தது. என் வாசலில் நின்றே சிரித்தாள்.

உள்ளே கதவு மறைவில் குமரேசன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெளியே வந்தான்.

"அக்கா, பெனால்டி வந்தா?"

"நீ அந்தப் பக்கமே போகாத. வேற ஆள் அடிப்பான்."

இவனும் சிரித்தான். வேலை போனதிலிருந்து இவன் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளோடு சேர்ந்தா சிரிக்க வேண்டும். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

முறத்திலிருந்து வறுத்த கொட்டை ஒரு பிடி அள்ளி, ஒன்றைக் கடித்துக்கொண்டே போனாள். "உப்பு போட்டிருக்கலாம்."

நவ. 18, செவ்வாய்

மழை விட்டது. வெயில் இல்லை, ஆனால் விட்டது.

டீக்கடைப் பேப்பரில் ஏழுமலை திருத்தி எழுதிவிட்டான். கோட்டுக்குக் கீழே இப்போது வெறுமை. வேலைக்கு இன்னும் யாரும் கூப்பிடவில்லை. வேறொரு கான்ட்ராக்டரைப் பார்க்க மாப்பிள்ளை தன் வண்டியில் குமரேசனை அழைத்துப் போயிருக்கிறார். இன்றைக்கு அவருக்கு நடுத்துண்டு வைக்கலாம். ஒன்று.

சாமான்காரர் மழையில் வராததால் அப்படியே கிடந்த இரும்புச் சாக்கைக் குமரேசன் காலையில் கொட்டித் தேடினான். அரிசி டின்னுக்குப் பின்னால் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். இப்போது ஷூ கொடியில் தொங்குகிறது, உள்ளே பேப்பர் அடைத்து.

ச. வீட்டிலிருந்து கிண்ணத்தில் சுண்டல். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்ப முடியாது. அதுதான் எரிச்சல்.

என்ன கொடுப்பது. முருங்கைக்கீரை அவளுக்குப் பிடிக்காது. வசந்தா கல்யாணப் பந்தியில் அதை இலை ஓரம் ஒதுக்கினாள், நான் பார்த்தேன்.

கீரைதான் பொரித்து அனுப்பினேன். கிண்ணம் நிறைய.